கதவு பிடிக்கிற வேலை

என் முதல் உத்தியோகம், ஓடுகிற காரின் கதவு திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புத் தேறி, ஆறாம் வகுப்புக்காகக் காத்திருந்த கோடை விடுமுறை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவர் எவரும் கிடையாது. எல்லோரும் வயலில் குனிந்தவர்கள். வயல்கள் தொழிற்பேட்டையான பிறகு அங்கே போய் நின்றபடி வேலை செய்யப் பழகிக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஐந்து வகுப்பு முடித்தவளின் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கதவு பிடிக்கிற வேலைகூட என் படிப்பைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. நான் தவழும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா அம்பத்தூர்ப் பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். விடிந்ததும் மற்றப் பெண்களோடு கரைமேல் நடந்து போனாளானால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும் பகல் எப்படியோ கழிந்துவிடும். விடுமுறை விட்டால் பகலுக்கு முடிவே இராது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பூ பறிக்கப் போவார்கள், சூளைக்குப் போவார்கள், இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு திரிவார்கள். நான் கிட்டப் போனால், "டீச்சரம்மா வர்றாங்கடி, எயுந்து நில்லுங்க" என்று ஒருத்தி சொல்வாள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நின்றவர்கள் அப்படியே வேறு பக்கம் நடந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலோ நான் ஏரிக்கரைப் பெண். அங்கே எனக்கென்று பெஞ்சின் ஓரம் ஒன்று இருந்தது. ஆக, இரண்டு இடத்திலும் என்னை மரியாதையாகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பகலெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து சங்குச் சத்தம் கேட்பேன். பேட்டையில் ஒவ்வொரு கம்பெனிச் சங்குக்கும் ஒரு குரல் உண்டு. ஒன்று மாடு கத்துவதுபோல இருக்கும். ஒன்று முதலில் இருமிவிட்டு, பிறகு ஊதும். அந்த இருமல் சங்கை எனக்குப் பிடிக்கும். அது ஊதினால், "வந்துட்டியா?" என்று சத்தமாகவே கேட்பேன். அம்மா போன பிறகு அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தை அனேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குமணன்சாவடி முனையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் அவருடையது என்று தெருவில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அது பூந்தமல்லியில் மரவாடி வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. கறுப்பு நிறம், கூன் விழுந்த முதுகு, எவனோ வெள்ளைக்காரன் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. கலியாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று எதற்காவது ஆட்கள் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு அப்போது கலியாணம் ஆகியிருக்கவில்லை. மரவாடியிலேயே பலகை அடுக்குகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார்.

அந்த விடுமுறையில் ஒரு நாள், அம்மா கிளம்பிக்கொண்டிருக்கும்போதே மாமா வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, பாப்பாவ அனுப்பு. காருல ஒரு வேல கீது."

"ஓசி சவாரிலாம் வாணாண்டா," என்றாள் அம்மா. "தம்பி கார் ஓட்றான், அக்கா பொண்ணு ஊரச் சுத்துதுன்னு நாளைக்கு உன் மொதலாளி காதுக்குப் போச்சின்னா?"

அம்மா அப்படித்தான். யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டாள், கூடப்பிறந்தவனிடமும். முதலாளியும் சொந்தக்காரர்களை வண்டியில் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

"ஐய, யாரு ஊரச் சுத்தக் கூப்ட்டா? வேலைக்குக் கூப்பிடறேன். பின்னாடி லெஃப்ட் கதவு நிக்கமாட்டேங்குது. வண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பிச்சின்னா தன்னால தெறந்துக்குது. புடிச்சிகினு குந்த ஒரு ஆள் வோணும். மொதலாளிகிட்டயும் சொல்ட்டேன். சரின்ட்டாரு."

"வியுந்துட்டான்னா?"

"வியாது. நான் கீறன்ல."

அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தலையைச் சீவிக்கொண்டு போகச் சொன்னாள். அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

வேலையின் விதிகள் எளிமையானவை. இடது கதவை நான் திறக்கவே கூடாது. எல்லோரையும்போல வலப்பக்கம் ஏறி, நகர்ந்து போய், இடது கதவின் ஓரம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கதவின் உள்பக்கத்தில் ஒரு தோல் பட்டை தொங்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். நேரான சாலையில் கதவு வெறுமனே முனகும். வலப்பக்கம் திரும்பும்போதுதான் அதன் குணம் தெரியும். முதலில் கதவு ஒரு விரல் அளவு கீழே இறங்கும், அப்புறம் பூட்டின் நாக்கு கழன்று கதவு வெளியே போகப் பார்க்கும். நான் பட்டையை மேலே தூக்கி உள்ளே இழுப்பேன். 'டக்' என்று பழைய இடத்துக்கு வந்துவிடும். பருத்திப்பட்டு வளைவில் ஒரு தரம் நான்கு விரல் அகலத்துக்குத் திறந்துகொண்டு தார்ச்சாலை ஓடுவது தெரிந்தது. நான் விடவில்லை. கதவுதான் தோற்றது.

சவாரிக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து முதலில் பயப்படுவார்கள், பிறகு சிரிப்பார்கள். பட்டாபிராமுக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு போன ஒரு கூட்டத்தில் பெரிய மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள் கேட்டாள்.

"இன்னா டிரைவரு, கதவுக்குத் தாப்பா போடாம பொண்ண போட்டு வெச்சிகீறே?"

"அதான்மா தாப்பா," என்றார் மாமா. "படிச்ச தாப்பா."

வண்டியே குலுங்கியது. நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். ஆனால் 'படிச்ச' என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்சீட்டில் அவள் புருஷன் கண்ணை மூடிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான். அவள் என் ஒரு கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள். மறு கையால் நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கதவ வுட்றாதம்மா, என் கண்ணுல்ல, வுட்றாதம்மா" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். வலியைவிட கதவுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது என்று நினைக்கிறேன். இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். இரண்டு உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, அவள் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டிருந்தாள்.

ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மாமா பேசிக்கொண்டே வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வழியில் தெரியும் பலகைகளைக் காட்டி, "அதுல இன்னா எய்திகீது?" என்பார். நான் வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசிப்பேன். "உரக்கடை. உள்ளே வரவும்." "இங்கு சைக்கிள்கள் பழுது பார்க்கப்படும்." மறுநாளும் அதே இடத்தில் அதே பலகையைக் காட்டிக் கேட்பார். நானும் மறுபடி வாசிப்பேன். மாமாவுக்கு ஞாபகசக்தி மட்டம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அந்த விடுமுறையில் நான் சங்குகளோடு பேசவில்லை. வண்டி பேட்டைப் பக்கம் போகும்போது இருமல் சங்கு ஊதினால், அது யார் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்து மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மூன்று பிள்ளைகளையும் தினமும் கான்வென்டில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வர வேண்டும். வருஷம் முழுக்க நிரந்தரமான சவாரி. எப்போது யார் கூப்பிடுவார்கள் என்று முனையில் காத்துக்கிடக்கும் மாமாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஃபோர்மேன் மனைவி வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு கதவாகத் திறந்து சாத்திப் பார்த்தார். இடது பின்கதவின் கைப்பிடியை இழுத்தார். அது நான்கு விரல் வந்து நின்றது. விட்டார். சாத்திக்கொள்ளாமல் ஆடியது.

"என்னது இது? கதவு இந்த ஆட்டம் ஆடுது! பிள்ளையள இதுல ஏத்தி அனுப்பிட்டு நான் வீட்ல எப்படி நிம்மதியா இருக்க?"

"அதுக்குத்தாம்மா ஆள் வெச்சிகீறேன். அக்கா பொண்ணு. கெட்டியா புடிச்சிக்கும்."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "இதுவும் பிள்ளைதான? இது விழுந்துட்டா?" என்றார். "பள்ளிக்கூடம் திறக்குததுக்குள்ள கதவைச் சரி பண்ணிக் கொண்டாரும். இல்லன்னா வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்கு என் வயதுதான். நான் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் அவள் பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது மாமா எந்தப் பலகையைப் பற்றியும் கேட்கவில்லை. கதவு சரியாகிவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சனி, ஞாயிறுகூட அம்மா என்னை அனுப்பமாட்டாள். திரும்பவும் வீடு, சுவர், சங்கு. ஒரு பக்கம் மாமாவுக்கு அந்தச் சவாரி கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு பக்கம் கதவு கெட்டே கிடக்கட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே சாமியிடம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாததால் வேண்டிக்கொள்ளவே இல்லை.

முதலாளி ஒத்துக்கொண்டதும் காரைக் குமணன்சாவடியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறை என்றால் தார்ப்பாய் கட்டிய ஒரு நிழல். அதன் நடுவில் மேஸ்திரி. பருத்த உடம்பு, காதில் பீடி, எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வண்டிக்காரனின் வயிற்றைக் கலக்குவதற்காக அவர் பழகி வைத்திருந்தது.

"ஸ்பிரிங்கு மாமே, ஸ்பிரிங்கு," என்றார், கதவைத் தொடுவதற்கு முன்பே. "லாக்குக்குள்ள ஸ்பிரிங்கு செத்துப்பூட்ச்சி. அர மணி நேர வேல."

கதவின் உள்தட்டியைக் கழற்றி, பூட்டைப் பிரித்து, பழைய சுருளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார். கதவு விறைப்பாகச் சாத்திக்கொண்டது. நாங்கள் மூவரும் முனை வரைக்கும் போய் வலப்பக்கம் திரும்பினோம். கதவு திறந்துகொண்டது.

"அப்டின்னா தூண்ல கீற தகடு," என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் அசராமல். கதவு மூடும் தூணில் ஒரு தகடு இருக்கும்; பூட்டின் நாக்கு போய்க் கவ்விக்கொள்வது அதில்தான். அந்தத் தகட்டின் அடியில் தகரத் துண்டு வைத்து அதை முன்னால் தள்ளினார். இப்போது கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடியது. கண்ணாடி அதிர்ந்தது. மறுபடி முனை, மறுபடி திருப்பம். கதவு இந்தத் தடவை இன்னும் சந்தோஷமாகத் திறந்துகொண்டது.

டீக்கடை வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா மேஸ்திரி, கதவு உன்கூட சண்டையா?" என்று ஒருவர் கேட்டார். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. நாக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாக்கு மொக்கையாப்பூட்ச்சி. புது லாக்குதான் போடணும். இது வெள்ளக்காரன் சாமான். இங்க எங்கியும் கெடைக்காது. கெடைச்சா கப்பல்லதான் வரணும்."

மாமாவின் முகம் வாடும் என்று பார்த்தேன். அவர் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கெடைக்கலன்னா வுடு நைனா," என்றார். "வேற சவாரியா இல்ல."

என் இடம் பிழைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தால் போதும். மேஸ்திரிதான் வாயை மூடவில்லை.

"அதான் பாப்பாவ வெச்சிகீறியே மாமே. படிச்ச பொண்ணுன்றே. படிச்சி இன்னா பண்ணப்போவுது? கதவ புடிச்சிகினு குந்தட்டும்."

டீக்கடையில் சிரித்தார்கள்.

"கதவைத் தூக்கிச் சாத்துங்க," என்றேன்.

"இன்னா?"

"கெட்டுப்போனது பூட்டு இல்ல. கதவு தொங்குது. திரும்பும்போது முதல்ல கீழ இறங்குது, அப்புறம்தான் தெறக்குது. தூக்கிப் பிடிச்சா தெறக்காது." எனக்கே என் குரல் புத்தகம் வாசிப்பதுபோல இருந்தது.

"இத இஸ்கோல்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் போய், இரண்டு கையாலும் கதவின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சாத்தினேன். ஓங்கி அறைய வேண்டியிருந்த கதவு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பூட்டின் நாக்கில் கறுத்த மசகைத் தடவி, கதவைச் சும்மா சாத்தித் திறந்தார். தகட்டில் கீழ்முனையில் மட்டும் நகக்கண் அளவுக்குக் கறை விழுந்திருந்தது. தூக்கிச் சாத்தித் திறந்தார். கறை முழுசாக விழுந்தது. பிறகு கதவைத் திறந்து வைத்து விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கதவை வண்டியோடு சேர்க்கும் மேல் கீலில் 'லொடக், லொடக்' என்று சத்தம் வந்தது. கீலுக்குள் அச்சாக இருந்த முளை பாதியாகத் தேய்ந்து, அது நிற்கும் துளையும் முட்டை வடிவமாகிப் போயிருந்தது.

"தே..." என்று இழுத்தார் மேஸ்திரி. டீக்கடைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முளையைத் தட்டி எடுத்து, பக்கத்து லேத்தில் கொஞ்சம் தடித்த முளையாகக் கடைந்து வாங்கி வந்தார். துளையை வட்டமாக்கிப் பித்தளை வளையம் இறக்கினார். மொக்கையான நாக்கில் உலோகத்தை உருக்கிப் பற்று வைத்து, அது ஆறியதும் அரத்தால் ராவிச் சதுரமாக்கினார். தகரத் துண்டைப் பிடுங்கிப் போட்டார். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சாத்து," என்றார். ஒரு விரலால் தள்ளினேன். அந்தக் கதவிடம் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம், நிதானமாக, 'டப்' என்று வந்தது. முனைக்குப் போய் வலப்பக்கம் திரும்பினோம். மாமா வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினார். கதவு அசையவில்லை.

"பாப்பா தலைல சரக்கு கீதுய்யா," என்றார் மேஸ்திரி டீக்கடைக்கே கேட்கும்படி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டுபிடித்தவளை எப்படி வேலையிலிருந்து நீக்குவார்கள்? எனக்கு வேறு ஏதோ பெரிய வேலையாகக் கொடுப்பார்கள் என்று அந்த நிமிஷம் உறுதியாக நம்பினேன்.

உள்தட்டியைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மேஸ்திரியின் கையிலிருந்து நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டது. கையை விட்டுத் துழாவியவர், மிதியடியைத் தூக்கி, முறுக்கிய தடித்த கம்பி ஒன்றை இழுத்தார். அதன் ஒரு நுனி சீட்டின் இரும்புக் காலில் இறுகக் கட்டியிருந்தது. மறு நுனியில், பட்டறைக்கு வருமுன் மாமா கழற்றிவிட்டிருந்த கொக்கி. கதவின் அடியோரத்தில் ஒரு வளையம் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். மேஸ்திரி கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிப் பார்த்தார். கதவைத் தள்ளினார். நான்கு விரல் போய் நின்றது.

"இன்னா மாமே இது? கம்பி போட்டுத்தான் வெச்சிகீறே. அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு புடிச்சிகினு குந்துச்சி?"

"சொம்மா இரு நைனா," என்றார் மாமா.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். கம்பி புடிக்குதே. பொண்ணு எதுக்கு?"

"அதக் கயட்டிப் போடு. வேல முட்ஞ்சிதில்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பருத்திப்பட்டு வளைவு, பிரசவத்துக்குப் போன பெண், சீர்வரிசைத் தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை நாளும் கம்பிதான் பிடித்திருக்கிறது. என் கையை மாமா நம்பவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தவளை நம்பாமல், எனக்குத் தெரியாமல், ஒரு கம்பியைக் கட்டி வைத்திருக்கிறார். இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் இடது கதவோரம் உட்காரவில்லை. நடுவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மாமா வேகத்தைக் குறைத்தார்.

"தோ அந்த போர்டுல இன்னா எய்திகீது?"

"நேத்தே சொன்னேன்ல."

அவர் மறுபடி வேகத்தைக் கூட்டினார். வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதும் நான் இடது கதவை நானே திறந்து இறங்கினேன். ஒரு விரலால் சாத்தினேன். "நாயித்துக்கெயம வர்றியாம்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். "கதவுதான் தன்னால சாத்திக்குதே. நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கம்பெனி அதிகாரி மாதிரி பேசியதாக எனக்குத் திருப்தி. அம்மாவிடம் ராத்திரி, கதவு சரியாகிவிட்டது, நான்தான் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தாள். பட்டை இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்த இடத்தை விரலால் தடவினாள். "சரி, இனிமே ஊட்லியே இரு" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஆறாம் வகுப்புக்கு நான் நடந்து போகும் சாலையில் ஒரு நாள் கறுப்புக் கார் எதிரே வந்தது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகள். இடது ஜன்னலில் மூத்தவள் முழங்கையை வைத்துச் சாய்ந்துகொண்டிருந்தாள். கதவைப் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டியதில்லை. மாமா ஹாரனை இரண்டு தரம் அடித்தார். நான் கேட்காததுபோல நடந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு அன்றைக்கும் வேலை இருந்தது. மத்தியானம் இருமல் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. வாசலில் கார் வந்து நின்றது. வண்டியில் சவாரி யாரும் இல்லை. மாமா உள்ளே வரவில்லை. காருக்குப் பக்கத்திலேயே நின்று இடது பின்கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார்.

"பாப்பா, கொஞ்சம் வந்து பாரேன். கதவு இன்னாவோ சத்தம் போடுறாப்பல கீது."

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். மேஸ்திரிக்கே சொல்லிக்கொடுத்தவள் என்ற நடையோடு போனேன். விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன்; ஆட்டம் இல்லை. மேல் கீலில் காதை வைத்தேன், சத்தம் இல்லை. நாக்கை விரலால் அழுத்தினேன். சரியாகத் திரும்பி வந்தது. ஒரு விரலால் தள்ளினேன். 'டப்'.

"சத்தம் ஒண்ணும் இல்ல மாமா. நல்லாத்தான் கீது."

"ஓட்றப்போ வருதோ இன்னாவோ," என்றார். "ஏறிக் குந்திப் பாக்கறியா? முனை வரிக்கும்தான்."

"ஓட்டறப்போவும் வராது. முளை புதுசு," என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மாமா தலையாட்டினார். சட்டைப் பையைத் தடவி எதையோ தேடுவதுபோல நின்றார், எதையும் எடுக்கவில்லை. நான் உள்ளே வந்து புத்தகத்தை நிமிர்த்தினேன். வெளியே கதவு ஒரு தரம் திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். வண்டி கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

கதவில் கோளாறு இல்லை என்று நான் சொன்னது சரிதான். அந்த வயதில் எனக்கு அதுவரைக்கும்தான் பார்க்கத் தெரிந்திருந்தது.